விளக்கு வைக்கிற நேரத்தில் அமுக்கிய பச்சைப் பொத்தான்

இல்லை என்று சொல்லத் தெரியாதவர்களை ஊரில் நல்ல மனுஷி என்பார்கள். அதில் பாதிப் பேர் வெறும் கூச்சக்காரர்கள். வாயைத் திறந்து மறுப்பதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும்; அதற்குப் பேசாமல் தலையை ஆட்டிவிடலாம் என்று ஆட்டிவிடுவார்கள். நான் அந்தப் பாதியைச் சேர்ந்தவள். தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து இப்படி ஆட்டி ஆட்டியே, என் இட்லிக் கொப்பரை ஒருமுறை நாலு சந்து தாண்டி இரவல் போய், வேறொரு கொப்பரையாகத் திரும்பி வந்தது. (அதையும் சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன். மூடி இன்றுவரை பொருந்தவில்லை.)

இதோடு இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் அரிசி இல்லை என்று சொல்வதில்லை. ‘அரிசி நிறைஞ்சிருக்கு, வாங்கணும்’ என்போம். உப்பு, எண்ணெய், மஞ்சள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அதிலும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தச் சொல் வீட்டுக்குள் கேட்கவே கூடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பள்ளிக்கூடத்தில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து என் மருமகள் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தன.

மருமகள் பேர் சுதா. ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற ஒரு கம்பெனியில் வேலை. ஆபீஸ் நெருள் பக்கம். இரண்டு ரயில் மாறிப் போய்க்கொண்டிருந்தவள் உண்டானாள். முதல் மாதங்களிலேயே ரத்தப்போக்கு. ‘ரயில் கூட்டத்துல இடிபட்டுப் போறதா இருந்தா வேலையை விட்டுரு’ என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏற்கனவே ஒன்று தங்காமல் போன வீடு இது. வேலையையும் விட முடியாது. என் மகன் கணேசனுக்கு பெல்ட் பட்டறையில் சீசன் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் (பாருங்கள், எழுதும்போதுகூடக் கை தயங்குகிறது) வீட்டில் இருப்பான்.

கடைசியில் ஆபீஸே வழி செய்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு லேப்டாப்பும் ஒரு போனும் கொடுத்தார்கள். பெயருக்குத்தான் அவை எங்கள் வீட்டில் இருந்தன. எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் ஆபீஸ் கையில். அதில் ஒரு பாட்டுக் கேட்க முடியாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ராகேஷ் அங்கிருந்தே போனில் சொல்லச் சொல்ல, சுதா இங்கே விபிஎன் என்று ஒன்றை அமைத்தாள். முழுப் பகலும் போயிற்று.

“அப்படின்னா என்னளா?” என்று கேட்டேன்.

“நம்ம வீட்டுல இருந்து ஆபீஸுக்குள்ள போக ஒரு தனிச் சந்து அத்தே. வெளியாளு யாரும் நுழைய முடியாது. வாசல்ல, ‘வாரது சுதாதானா’ன்னு இந்த போன்ல கேக்கும். பச்சையை அமுக்குனா விடும். சிவப்பை அமுக்குனா விடாது.”

சந்து என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. தாராவிக்காரிக்குச் சந்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், எங்கள் வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. நடுவில் இரும்பு ஏணி. தரையில் வெட்டிய ஓட்டை வழியாகத் தலையை நீட்டி மேலே போக வேண்டும். கீழே அடுப்புச் சத்தம், அக்கம்பக்கத்துப் பேச்சு. அதனால் சுதா காலையில் மெல்ல ஏறினால் மதியச் சோற்றுக்குத்தான் இறங்குவாள். மேலே இருந்த பிளக்குகளை லேப்டாப்பும் ஃபேனும் பிடித்துக்கொண்டன. போன் கீழே, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும். பச்சையை அமுக்க அவள் ஒவ்வொரு தடவையும் ஏணியில் இறங்க முடியுமா? என் கட்டைவிரலையும் அந்த போனில் பதிந்துவிட்டாள். தேங்காய் துருவித் துருவி ரேகை தேய்ந்த விரல். எத்தனையோ தடவை ஒற்றி எடுத்த பிறகுதான் போன் என்னை மனுஷியாக ஒத்துக்கொண்டது. (வேறு ஆள் விரலைப் பதியக் கூடாது என்று ராகேஷ் படித்துப் படித்துச் சொன்னாராம். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை.)

அதன் பிறகு தினமும் மேலிருந்து குரல் வரும். “அத்தே, பச்சை.” நான் அமுக்குவேன். எனக்கும் ஆபீஸ் உத்தியோகம் கிடைத்த மாதிரி கொஞ்சம் மிதப்பு. பக்கத்து வீட்டு ஆமினா, “என்னக்கா, கேட்டுல வாட்ச்மேன் வேலையா?” என்பாள். நான் சிரித்துக்கொள்வேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுதா வேலையை முடித்து, லேப்டாப்பை மூடிவிட்டு, டாக்டரம்மா சொன்ன நடை நடக்கப் போயிருந்தாள். நான் விளக்கைத் துலக்கிப் பொட்டு வைத்துத் திரி போட்டேன். தீக்குச்சியை உரசும்போது போன் உறுமியது. பார்த்தேன். பச்சை, சிவப்பு. விட்டுவிட்டேன். மறுபடி உறுமியது. விளக்கை ஏற்றினேன். மறுபடி. ஊதுவத்தி கொளுத்தினேன். அது நிற்கவில்லை.

சுதா வெளியே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் சந்து வாசலில் நிற்பது யார்? ஆபீஸ் ஆள் யாரோ, பாவம், உள்ளே போக முடியாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். சிவப்பை அமுக்கலாம் என்று விரலைக் கொண்டும் போனேன். எதிரே விளக்கு எரிகிறது. வெள்ளிக்கிழமை. வாசலில் நின்று ஒரு ஆள் இத்தனை தடவை கேட்கும்போது, இந்த நேரத்தில், இல்லை என்றா சொல்வது?

பச்சையை அமுக்கினேன். உறுமல் நின்றது. வந்தவரை உட்கார வைத்த திருப்தியோடு கும்பிட்டு விபூதி பூசிக்கொண்டேன்.

சுதா திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, “உன் ஆபீஸ்ல இருந்து யாரோ கேட்டுக்கிட்டே இருந்தாவ. சரின்னுட்டேன்” என்றேன்.

“யாரு கேட்டா?”

“யாரோ. பச்சையை அமுக்குனேன்.”

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, வயிற்றுப் பிள்ளைக்குத்தான் ஏதோ என்று நான் பயந்துபோனேன். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து ராகேஷைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் அங்கே இருந்தபடியே எங்கள் மாடியில் இருந்த லேப்டாப்பில் ஒன்றும் மிச்சமில்லாமல் துடைத்துவிட்டார். நான் அடுப்பு மேடையைக்கூட அவ்வளவு சுத்தமாகத் துடைத்ததில்லை. திங்கள்கிழமை பாதுகாப்பு அதிகாரி ஜோஷி மேடம் வீடியோவில் விசாரிப்பார், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதி அதற்குப் பிறகுதான் என்று செய்தி வந்தது.

அனுமதி போனால் நெருள் ரயில். இல்லாவிட்டால் வேலை போகும். இரண்டு நாளும் நான் சோறு வடித்தேனா, கஞ்சி வடித்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

“நான்தான் கை தவறி அமுக்கிட்டேன்னு சொல்லிக்கிடுதேன்” என்றாள் சுதா. “உங்க விரலைப் பதிஞ்சது தெரிஞ்சா இன்னும் மோசம். நீங்க கீழேயே இருங்க அத்தே. மூச்சு விடாதிய.”

மூச்சு விடாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம். கல்யாண போட்டோக்களில் என் தோள் மட்டும்தான் இருக்கும். தலை யாருக்காவது பின்னால் போயிருக்கும். போலியோ சொட்டு மருந்துக்குக் கதவைத் தட்டுகிறவர்களிடமே ஆமினாதான் எனக்காகப் பேசுவாள்.

திங்கள்கிழமை மேலே சுதா, கணேசன் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கீழே ஏணிக்கடியில் நின்றேன். ஜோஷி மேடம் குரல் இந்தியில் இறங்கி வந்தது. அதட்டல் இல்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது.

“பச்சையை அமுக்கியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?”

“வீட்டில், மேடம்.”

“வெள்ளிக்கிழமை ராகேஷிடம் ‘நடந்துவிட்டு இப்போதுதான் வந்தேன்’ என்று சொல்லியிருக்கிறீர்களே.”

மேலே சுதா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

என் கால் எப்படி ஏணியில் ஏறியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. சுதா ஓட்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அங்கே வீடியோவில் பார்த்தவர்களுக்கு, அவள் முதுகுக்குப் பின்னால் தரையைப் பிளந்துகொண்டு நரைத்த தலை ஒன்று விபூதியோடு முளைத்திருக்கிறது. ஜோஷி மேடத்தோடு இருந்த ராகேஷ் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாராம்.

“மை தபாயா” என்றேன். நான்தான் அமுக்கினேன். என் பம்பாய் இந்தியில் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் கழுத்தளவில் நின்றேன்.

“ஏன் மாஜி?” என்றார் ஜோஷி மேடம்.

வேர்த்து வழிய, கொஞ்சம் இந்தியும் கொஞ்சம் தமிழும் கொஞ்சம் கையுமாகச் சொன்னேன். விளக்கு நேரம். வெள்ளிக்கிழமை. ஒரு ஆள் கேட்டுக்கொண்டே நின்றான். இல்லை என்று சொல்லக் கூடாது. என் விரலைப் பதிந்தது ஏணியால். ஏணி இறங்கக் கூடாதது பிள்ளையால். பிள்ளை தங்க வேண்டும். முதலும் முடிவும் இல்லாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அந்தம்மா, “என் மாமியார் வளையல் உடைந்தால்கூட உடைந்தது என்று சொல்ல மாட்டார், பெருகிவிட்டது என்பார்” என்றார். “ஆனால் மாஜி, அன்றைக்கு வாசலில் நின்றவன் விருந்தாளி இல்லை. திருடன். மருமகளின் பாஸ்வேர்டை எங்கிருந்தோ எடுத்திருக்கிறான். அவன் கையில் கம்பெனி மெஷின் இல்லாததால்தான் உள்ளே வர முடியவில்லை. நீங்கள் உடனே மருமகளிடம் சொன்னீர்கள், அவள் உடனே எங்களிடம் சொன்னாள். அதனால் தப்பித்தோம். விரல் பதிந்தது தப்பு. அதை எழுதித்தான் வைப்பேன். அனுமதியை எடுக்கவில்லை.”

சுதா அழுதாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

“இப்போது எனக்காக ஒரு தடவை ‘நஹி’ என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.”

வாயைத் திறந்தேன். “நாளைக்குச் சொல்லுதேனே” என்று வந்தது. சுதா அழுகையோடு அதை மொழிபெயர்த்தாள். அங்கே எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அன்று மத்தியானமே ராகேஷ் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து அமைத்தார். போன் பழையபடி அலமாரிப் பக்கத்தில், பூட்டாமல், திறந்து கிடந்தது. மேலே அமைப்பு வேலையின் கடைசிக் கட்டம். போன் உறுமியது. இந்த முறை ஏமாறுவேனா? பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்பை அமுக்கினேன். மறுபடி உறுமியது. மறுபடி சிவப்பு. என் வாழ்நாளில் அவ்வளவு தைரியமாக நான் யாரையும் மறுத்ததில்லை.

“அத்தே, அது நாந்தான்” என்று மேலிருந்து சுதா கதறினாள். அதற்குள் கணக்கு பூட்டிக்கொண்டது. கணேசன் போனில் ராகேஷ் பெருமூச்சு விட்டது கீழே வரை கேட்டது.

மறுநாள் கணேசன் ஒரு நீள எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்கி வந்து போனை மாடிக்கு ஏற்றினான். “இதை முதல்லயே வாங்கியிருக்கலாம்லாம்மா” என்றான். வாங்கியிருக்கலாம்தான். அப்புறம் போனிலிருந்து என் கட்டைவிரலை எடுத்தார்கள். என் உத்தியோகமும் போயிற்று.

ஆனால் பயிற்சியை நான் விடவில்லை. பிள்ளைத்தாய்ச்சி மேலே வேலை பார்க்க, நான் கீழே காய் நறுக்கிக்கொண்டு, மெல்லிய குரலில் “இல்ல, இல்ல, இல்ல” என்று சொல்லிப் பழகினேன். மதியம் அவள் பக்கத்தில் படுத்திருக்கும்போதும் சொல்வேன். (விளக்கு நேரத்தில் மட்டும் நிறுத்திவிடுவேன்.) ஒருநாள் ஆமினா இட்லிக் கொப்பரை கேட்டாள். “இல்ல” என்றேன். அவள் திகைத்துப் போய், “உடம்பு சரியில்லையாக்கா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கு மேல் தாங்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பெண். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அம்மா என்றோ அப்பா என்றோ ஆரம்பிக்கும். இவள் ஒரு வெள்ளிக்கிழமை, நான் விளக்கை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுத் தன் முதல் வார்த்தையைத் தெளிவாகச் சொன்னாள்.

“இல்ல.”

வீட்டுக்கு யார் வந்தாலும் கணேசன் இன்றுவரை இதைத்தான் முதலில் சொல்கிறான். வயிற்றுக்குள்ளேயே ஆபீஸ் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்த பிள்ளையாம். நான் பதில் பேசுவதில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறேன்.