கொம்பு முறிந்த ஆடும் முப்பத்தாறரைப் பேரும்

மூன்று கிராமங்களில் உள்ள மூன்று சபைகளின் ஆராதனையிலும், ஒரே ஞாயிற்றுக்கிழமை, கொம்பு முறிந்த ஒரே வெள்ளாடு கலந்துகொண்டிருந்தால் அதை மோசடி என்று கொள்வதா, பக்தி என்று கொள்வதா? மலேசியாவிலிருந்து வந்து, வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிடுவதில் முதுகலைப் பட்டம் பெற்றவள் நான். ஆயினும் இக்கேள்விக்கான விடையை எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அதை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர் ஸ்டேஷன் மாஸ்டர் அங்கிள்.

பச்சைக் கொடி அசைத்துத் திருச்சபை வளர்த்தவர் கிறிஸ்தவ சரித்திரத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். இலங்கையில் ரயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வுபெற்று, மெல்பேர்னில் மல்கிரேவுக்குக் குடிவந்தவர். மகன் சிட்னியில், பரமட்டாவில் இருந்தான். மனைவி இறந்த மறு ஆண்டு, எங்கள் தமிழ்ச் சபையின் ஊழியக் குழுவோடு மலாவி நாட்டுக்குப் போய் மூன்று வாரம் தங்கினார். அங்கே யோனா என்ற இளம் போதகர், தார்ப்பாய்ப் பந்தலின் கீழ் பதினொரு பேருடன் ஒரு சபையைத் தொடங்கியிருந்தார். அங்கிள் திரும்பிவந்த பிறகு பக்கத்துக் கிராமங்கள் இரண்டிலும் சபைகள் முளைத்தன. மறுபடி போக அவருடைய முழங்கால்கள் சம்மதிக்கவில்லை. எனவே மூன்று சபைகளையும் மல்கிரேவிலிருந்த தம் கார் கராஜில் உட்கார்ந்தபடியே வளர்ப்பதென்று தீர்மானித்தார்.

கராஜின் சுவரில் கரும்பலகை மாட்டி ரயில் கால அட்டவணை எழுதினார். முதல் கிராமம் மெயின் லைன். மற்ற இரண்டும் பிராஞ்ச் லைன். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, அதாவது மலாவியில் காலை ஒன்பது மணிக்கு, கறுப்புக் கோட்டும் டையும் அணிந்து மடிக்கணினியின் முன் நின்று, விசில் ஊதி, பச்சைக் கொடியை அசைப்பார். அதன் பிறகே அங்கே போதகர் ஜெபத்துக்கு வாய் திறக்கலாம். ஒன்பது நாற்பதுக்கு இரண்டாம் சபை, பத்து இருபதுக்கு மூன்றாம் சபை. பிரசங்கம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் சிவப்புக் கொடி. ஒருமுறை தலைநகரிலிருந்து வந்த மூத்த போதகர் ஒருவர், சிவப்புக் கொடியை வாழ்த்தென்று எண்ணிப் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அங்கிள் விசிலை விடாமல் ஊதி அவரை உட்காரவைத்தார்.

மெல்பேர்னில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் நாள் வந்தால், "பயணிகளின் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மூன்று கிராமங்களுக்கும் முறைப்படி அறிவித்தல் போகும்.

ஊழியக் குழுவின் ஆண்டறிக்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோதுதான் அவருடைய வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு சபைக்கு நேரே "முப்பத்தாறரை" என்று எழுதியிருந்தது. அரை ஆள் எப்படி வரும் என்று கேட்டேன்.

"பன்ரண்டு வயசுக்குக் கீழ எண்டா அரை டிக்கெட் பிள்ளை. உங்கட மலேசியாவில ரெயில் ஓடுறேல்லையோ?"

கைக்குழந்தைகளை எப்படிக் கணக்கிடுவது என்றும் கேட்டேன். மடியில் இருந்தால் இலவசம், அழுதால் அரை என்றார்.

அறிக்கைக்காக அவர் மடிக்கணினித் திரையிலிருந்து எடுத்துவைத்திருந்த படங்களை வரிசையாக ஒட்டினேன். அப்போதுதான் ஆடு தென்பட்டது. மெயின் லைன் சபையில், இடது கொம்பு முறிந்த வெள்ளாடு. நாற்பது நிமிடம் கழித்து இரண்டாம் சபையில் அதே ஆடு. மூன்றாம் சபையிலும் அது சற்றும் களைப்பின்றி நின்றது. பின்னால், அடியிலேயே இரண்டாகப் பிரிந்த அதே மாமரம். மரத்தடியில் அதே மஞ்சள் தலைத்துணிப் பெண். அவளை மூன்று சபைகளிலும் மூன்று முழு டிக்கெட்டாக அங்கிள் பதிந்திருந்தார்.

யாரையும் கேட்காமல் அந்தப் படங்களைக் குழுவின் செயலாளர் ஆன்ட்டிக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகே விளைவுகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. இரண்டு சபைகள் பொய் என்று குழு முடிவுசெய்தால், அந்தக் கிராமங்களின் சபைத் தலைவர்களுக்கு நாங்கள் நடத்தும் வேதாகமப் பயிற்சி நின்றுவிடும். தொலைபேசி அழைப்புகளும் நின்றுவிடும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒரு முதியவர் கோட்டும் டையும் அணிந்து எதன் முன்னால் நிற்பார்?

ஆன்ட்டி சென்னைக்காரர், நல்லவர், ஆனால் விதிமுறைகளுக்குப் பயந்தவர். அடுத்த ஞாயிறு நாங்கள் இருவரும் கராஜுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அங்கிள் படங்களை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நெடுநேரம் பார்த்தார்.

"எல்லா ஊரிலையும் ஆடு இருக்குந்தானே?"

"ஒரே மாதிரி கொம்பு ஒடிஞ்சா, அங்கிள்?" என்றார் ஆன்ட்டி. "நம்பணும்னுதான் நானும் பார்க்கிறேன். ஆனா கமிட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அங்கிள் படங்களை மேசையில் வைத்தார். ஐந்து மணி ஆயிற்று. விசில் மேசை மேலேயே கிடந்தது. கொடியும் அசையவில்லை. திரையில் யோனாவும் சபையாரும் ஜெபத்தைத் தொடங்காமல், பச்சைக் கொடிக்காக எங்களைப் பார்த்தபடி நின்றார்கள்.

ஆன்ட்டி ஆங்கிலத்தில் ஆட்டைப் பற்றி விசாரித்தார். யோனா தொலைபேசியைச் சுற்றிலும் திருப்பிக் காட்டினார். அது ஒரு குன்றின் உச்சி. மூன்று பக்கங்களிலிருந்தும் மூன்று ஒற்றையடிப் பாதைகள் ஏறிவந்தன. இரண்டாம் சபையார் பாதி வழியில் வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாம் சபையார் அடிவாரத்தில் புள்ளிகளாகத் தெரிந்தார்கள்.

மூன்று கிராமங்களிலும் தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது, அந்த மாமரத்தடியில் மட்டுமே கிடைக்கும் என்று யோனா விளக்கினார். முழு வருகையையும் பார்க்க வேண்டும் என்று அங்கிள் கேட்ட நாள்முதல், மூன்று சபைகளும் வாராவாரம் முறைவைத்துக் குன்றேறி வருகின்றன. மஞ்சள் தலைத்துணிப் பெண்ணுக்குத்தான் சிக்னல் அறுந்துவிடாமல் தொலைபேசியை நிறுத்திவைக்கத் தெரியும். எதிரே ஒரு கல்லில் அதைச் சாய்த்துவைத்துவிட்டு அவளும் மரத்தடிக்கு வந்து நிற்பாள். ஆடு அவளுடையது, அவள் போகுமிடமெல்லாம் போகும். எந்த ஊர்ச் சபை என்று முதியவர் கேட்டார், உண்மையைச் சொன்னோம். மரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை என்றார் யோனா.

அப்படியானால் ஆராதனை எப்போது என்று ஆன்ட்டி கேட்டார். பிற்பகலில், அவரவர் கிராமத்தில் என்று பதில் வந்தது.

"அப்ப இது என்ன?" என்று அங்கிள் தமிழிலேயே கேட்டார். பிறகு நினைவு வந்து ஆங்கிலத்தில் கேட்டார்.

யோனா ஒரு பதிவேட்டைத் திரையருகே பிடித்தார். நோயாளிகளையும் தனியே இருப்பவர்களையும் சபையார் வீடு தேடிப்போய்ப் பார்க்கும் கணக்கு அது. ஞாயிறு தவறாமல் ஒரே வரி இருந்தது: முதியவர் சந்திப்பு, மெல்பேர்ன், ஒருவர்.

மனைவியை இழந்து தனியே இருப்பதாக அங்கே வந்திருந்தபோது அவரே சொன்னாராம். அப்படிப்பட்டவரைச் சபை கைவிடக்கூடாது என்று தாய்மார்கள் முடிவெடுத்தார்களாம். நடந்து போக முடியாத தூரம் என்பதால் குன்றேறினார்களாம்.

ஆன்ட்டி கைப்பையில் எதையோ தேடினார். கடைசிவரை அது கிடைக்கவில்லை. அங்கிள் திரைக்கு மிக அருகே குனிந்து அந்த வரியை வாசித்தார்.

"ஒண்டு எண்டுதானே போட்டிருக்கு பிள்ளை? அரை இல்லையே?"

முழு டிக்கெட்தான் அங்கிள் என்றேன். நேராக நிமிர்ந்து, டையைச் சரிசெய்து, விசிலை எடுத்தார். ஊத முயன்றார்; காற்று மட்டும் வந்தது. கொடியை மட்டும் அசைத்தார். குன்றின் மேல் ஜெபம் தொடங்கிற்று. அன்று பிரசங்கம் ஐம்பது நிமிடம் நீண்டது. சிவப்புக் கொடியை அவர் தொடவேயில்லை.

பயிற்சிகள் நிற்கவில்லை. இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு மட்டுமே அழைப்பு. ஒரு முறைக்கு ஒரு சபை மட்டுமே குன்றேறுகிறது. யாரைப் பற்றியும் எழுதுமுன் அவரிடமே கேட்டுவிடுவது என்பதை நான் விதியாக்கிக்கொண்டேன். மற்ற ஞாயிறுகளில் மாலை ஐந்து மணிக்கு நான் கராஜுக்குப் போகிறேன். அங்கிள் பதிவேட்டைத் திறந்து என் வருகையைக் குறிக்கிறார். கல்யாணம் ஆகவில்லை என்ற காரணத்தால் என்னை இன்னும் அரை டிக்கெட்டாகவே எழுதுகிறார். நான் மறுத்ததில்லை.