மண்டையோட்டு அண்ணே அளந்த ஈறு

பினாங்குத் தீவிலேயே, தான் வந்து நின்றதும் எதிரிலிருந்த அத்தனை பேரையும் வாயை இறுக மூடவைத்த ஒரே மனிதர் எங்கள் மண்டையோட்டு அண்ணேதான். துறைமுகத்து வெள்ளைக்காரத் துரைக்குக்கூட அந்தச் செல்வாக்கு கிடையாது.

ஜெலுத்தோங்கில் பதினைந்து பேர் சேர்ந்து குடியிருந்த வாடகை வீட்டில் அவரும் ஒருவர். நான் துறைமுகத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அவருக்கோ சீனர் இடுகாட்டில் வேலை. சீனக் குடும்பங்கள் சில வருஷம் கழித்துக் குழியைத் தோண்டி, முன்னோரின் எலும்பைக் கழுவி ஜாடியில் வைப்பார்கள். தோண்டுவதும் கழுவுவதும் அண்ணே. அவர் நம் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார். உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார். யாராவது கொட்டாவி விட்டால் போதும், அதுவரை வீட்டிலேயே இல்லாத மனிதர் எதிரில் நிற்பார்.

கையில் எப்போதும் ஓர் ஈர்க்குச்சி. காலையில் குழாயடியில் நாம் பல் துலக்கும்போது குனிந்து, பல்லின் நீளத்தை அளந்து, ஈர்க்கில் நகத்தால் கீறி அடையாளம் வைப்பார். பதினைந்து பேருக்கும் தனித்தனி ஈர்க்கு. அவர் தலைமாட்டுச் சுவரில் வரிசையாகச் செருகியிருக்கும். காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசிக் கிசுகிசுக்கும். அந்தப் பக்கம் யாரும் பாய் விரிப்பதில்லை.

எனக்கு மூன்று மாதத்தில் புக்கிட் மெர்தாஜாமில் பெண் பார்க்கும் ஏற்பாடு. பல் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று செங்கல் பொடியை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். எச்சிலில் ரத்தம் வந்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

"தம்பி, பல்லு நீளமாயிடுச்சு," என்றார் அண்ணே.

"வளருது போல அண்ணே."

"பல்லு வளராதுலா. ஈறுதான் பின்னால போவுது. நான் கழுவுற மண்டையோட்டுக்கெல்லாம் பல்லு நீளம். உள்ள இருக்கிறவன் மெதுவா வெளிய வர்றான். நீயே செங்கல்லப் போட்டு அவனுக்குக் கதவத் திறந்து விடுற."

அன்றைக்கு முழுக்க நாக்கால் பல்லைத் தடவி அளந்துகொண்டிருந்தேன்.

அதே வீட்டில் எங்களோடு இருந்த, துறைமுகக் கூலிகளை மேய்க்கும் தண்டல் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய இடது கடைவாயில் புகையிலை நிரந்தரமாகக் குடியிருக்கும். அண்ணே அந்த இடத்தையே உற்றுப் பார்த்தார்.

"புகையில ஒதுக்குற எடத்துல ஈறே இல்ல தண்டல். எடுத்துடு."

"எடுக்காட்டி?" என்று தண்டல் இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளங்கையில் துப்பினார். புகையிலையோடு ஒரு முழுப் பல். வலி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அண்ணே அந்தப் பல்லை வாங்கிக் கழுவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது செத்து ரொம்ப நாளாச்சு," என்றார்.

மறுநாள் வீடு முழுக்க வாயைத் திறந்துகொண்டு அவர்முன் வரிசையில் நின்றது. முதல் ஆள் தண்டல்தான்.

"போன ஈறு திரும்புமா அண்ணே?" என்று கேட்டேன்.

"குழிக்குள்ள போனது எதுவும் திரும்பி நான் பாத்ததில்ல. இருக்கிறதக் காப்பாத்து."

செங்கல் பொடியைச் சாக்கடையில் கொட்டச் சொன்னார். இனி வெறும் விரல்தான். ஈறிலிருந்து பல் நுனிப் பக்கமாக, குழந்தைக்குத் துலக்குவது போல மெதுவாக. சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். பல்லடியில் படியும் காரை கல்லாகி ஈறைத் தள்ளும் என்று, அதைச் சுரண்டப் பல் வைத்தியரிடம் அவரே என்னை இழுத்துக்கொண்டு போனார். நாற்காலியில் நான் போட்ட கூச்சல் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"கத்தாதலா தம்பி. என்கிட்ட வர்றவங்க யாரும் இப்படிக் கத்துறதில்ல," என்றார் அண்ணே.

பெண் பார்க்கப் புறப்படும் காலையில், சட்டை மாட்டிக்கொண்டிருந்த என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டார். என் ஈர்க்கை எடுத்துப் பல்லில் வைத்தார். எடுத்து, மறுபடியும் வைத்து அளந்தார். கீறலைத் தாண்டியிருந்தால் தண்டலின் கதிதான் எனக்கும்.

"நின்னுடுச்சு தம்பி. போயி நல்லா சிரி."

எத்தனையோ மண்டையோடுகளைக் கழுவிய கை என் கன்னத்தைத் தட்டியது. சில்லென்று இருந்தது. நான் விலகிக்கொள்ளவில்லை. கூடப் பிறந்த அண்ணன் வழியனுப்பியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு தைரியம் வந்திருக்காது.