எட்டு மாதப் பிள்ளை எடுத்த வீடு

செருப்புக் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம். புதனும் ஞாயிறும் காலை எட்டு மணிக்கே அதன் படிக்கட்டிலிருந்து தெருமுனை வரை வரிசை நீண்டுவிடும். நிற்பவர்கள் எல்லாரும் பெரியவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு அங்கே சுமைதூக்கும் வேலை மட்டுமே. முடிவெடுக்க வந்தவர்கள் அவர்கள் இடுப்பில் உட்கார்ந்து எச்சில் ஒழுக்கிக்கொண்டிருப்பார்கள்.

விஷயம் இதுதான். கைக்குழந்தையோடு இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் வீடு தேடி அலைய வேண்டியதில்லை. நான்கு வீட்டுச் சாவிகளைக் குழந்தை முன்னால் வைத்தால் போதும். அது எதை எடுக்கிறதோ அதுதான் வீடு. இந்த அரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் சாவியம்மா. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதோ இருந்தது. அது இப்போது மின்கட்டண ரசீதில் மட்டும்தான் இருக்கிறது.

வாசலில் பலகை தொங்கியது: "பெரியவர்கள் பார்ப்பது சுவரை. பிள்ளை பார்ப்பது விதியை." கீழே சின்ன எழுத்தில், "செருப்பையும் சந்தேகத்தையும் வெளியே விடவும்."

வரிசையில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு குழந்தை எடுத்த வீட்டுக்குப் போன மறுமாதமே அப்பாவுக்குப் பதவி உயர்வாம். இன்னொரு குழந்தைக்குக் குடிபோன மூன்றே நாளில் பல் முளைத்துவிட்டதாம். வேறு வீட்டுக்குப் போயிருந்தால் அந்தக் குழந்தை ஆயுசு முழுக்கப் பொக்கை வாயோடு இருந்திருக்கும் போல!

அந்த வரிசையில் ஒரு புதன்கிழமை, மெக்கானிக் ஒருத்தியும் வந்து நின்றாள்.

அவளுக்கு மருந்துக் கிடங்குகளின் குளிரறைகளைப் பழுதுபார்க்கும் வேலை. மாற்றல் வந்து, கணவனோடும் எட்டு மாதப் பெண் குழந்தையோடும் ஊருக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. குழந்தையைக் கீழே விட்டால் உருண்டே அறையின் மறுமூலைக்குப் போய்விடும்; அதனால் வீட்டில் அதற்கு 'உருளை' என்று பெயர். கணவனுக்கு ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் வேலை. முந்நூறு பக்கத்தில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். புத்தகத்துக்கு வெளியே இருக்கும் பிழைகள்தான் அவன் கண்ணில் படுவதில்லை.

தங்கியிருந்தது கணவனின் அக்கா வீட்டில். இரண்டே அறை. பத்து நாளில் இடம் பார்த்தாக வேண்டும். அவசரம் அது மட்டுமில்லை. உருளைக்குப் பழைய ஊரில் இரண்டு முறை இளைப்பு வந்து, மூக்கில் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடித்திருந்தார்கள். "ஈரமில்லாத, காத்தோட்டமான வீடா பாருங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் சாவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படித்தது போதவில்லை போலிருக்கிறது.

"டாக்டருக்கு என்னம்மா தெரியும்?" என்றாள் நாத்தனார். "இந்த ஊர்ல சாவியம்மாகிட்ட கேக்காம யாரும் வீடு எடுக்கறதில்ல. குழந்தைக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

"அண்ணி, அது நேத்து என் சாக்ஸை ருசி பார்த்துச்சு."

"அதுலயும் ஏதாவது அர்த்தம் இருக்கும்."

கணவன் இரண்டு பக்கமும் பார்த்தான். "போய்ப் பார்த்தா என்னங்கறேன்? நஷ்டமா?" என்றான். உலகத்தில் பாதி ஏமாற்று இந்த ஒரு வாக்கியத்தில்தான் பிழைக்கிறது.

கூடம் சூளையாகக் கொதித்தது. மின்விசிறி கூடாதாம், சாவிகளின் மௌனம் கலைந்துவிடுமாம். நடுவில் ஜமக்காளம். அதன் தலைமாட்டில் சாவியம்மா, முழங்கை வரை ஊதா வெல்வெட் கையுறை. பக்கத்தில் நீளமான மரப்பெட்டி. அதற்கு 'மௌனப் பேழை' என்று பெயர். உள்ளே மெத்தென்று துணி போட்ட நான்கு குழிகள், குழிக்கு ஒரு சாவி. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலப் பித்தளை வில்லையில் கோத்திருந்தது.

"பெரியவங்க தோல் பட்டா சாவி குழம்பிடும். யாரும் தொடக்கூடாது," என்றார் சாவியம்மா. கையுறையால் நான்கையும் எடுத்து வரிசையாக வைத்தார். "விடுங்க பிள்ளையை!"

உருளை உருண்டாள். முதல் சாவியில் கை வைத்தாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இரண்டாவதைத் தொட்டு உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவதும் பிடிக்கவில்லை. வலக்கோடியில் இருந்த நான்காவதை இரண்டு கையாலும் அள்ளி, நேராக வாய்க்குக் கொண்டுபோனாள்.

கூடமே கைதட்டியது. "பார்த்தீங்களா? பார்த்தீங்களா?" என்று நாத்தனார் கண் கலங்கினாள். கணவன் வாய் பிளந்து நின்றான். வீட்டுத் தரகர் பின்னால் தயாராக நின்றார், கையில் வாடகை ஒப்பந்தம், சட்டைப்பையில் பேனா. எப்படித்தான் அவ்வளவு சரியான நேரத்துக்கு வந்தாரோ!

மெக்கானிக் குழந்தையைத் தூக்கி, வழக்கம் போல உள்ளங்கையில் முத்தம் கொடுத்தாள். கொடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெந்து வடிகிற அந்தக் கூடத்தில், உருளையின் விரல்நுனிகள் சில்லென்று இருந்தன.

பதினோரு வருஷம் குளிரோடு வேலை செய்தவள் அவள். "வீட்டைப் பார்த்துட்டு கையெழுத்து போடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

தரகர் முகம் சுருங்கியது. "இனி நீங்க என்னத்தம்மா பார்க்கணும்? பிள்ளையே பார்த்தாச்சே!"

"பிள்ளை உயரத்துக்குப் பார்த்திருக்கும். நான் என் உயரத்துக்குப் பார்க்கறேன்."

மறுநாள் மதியம் பார்த்தாள். சலவைக்கூடத்துக்குப் பின்புறம் தரைத்தளம். சலவைக்கூடத்தின் புகைக்குழாய் படுக்கையறை ஜன்னலைப் பார்த்து நீராவி ஊதிக்கொண்டிருந்தது. சுவருக்குப் புதுச் சாயம். உள்ளங்கையை வைத்தாள்; கை நனைந்தது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சாயம் பொரிந்து செதில் செதிலாக நின்றது, உருளை பறித்துத் தின்ன வசதியாக.

"இவ்ளோ ஈரமா இருக்கே?"

"ஈரம் இல்லம்மா. குளுமை!" என்றார் தரகர்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். நாத்தனார் அசையவில்லை. "நீ சுவரைப் பார்த்தே. பிள்ளை விதியைப் பார்த்திருக்கு," என்று பலகையை ஒப்பித்தாள்.

கணவன் தயங்கினான். "ஆனா அவ அதைத்தானே எடுத்தா? நான் கண்ணால பார்த்தேனே!"

"எடுத்தா. இல்லேங்கல. ஏன் எடுத்தான்னு பார்த்தீங்களா?"

"ஏன் எடுத்தா?"

"ஞாயித்துக்கிழமை தெரியும். நீங்களும் வாங்க. அண்ணி, நீங்களும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் முதலிலேயே போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். ஐந்து குடும்பங்கள் முடியும் வரை பார்த்தாள். ஒரு குழந்தை முதல் சாவியையே பிடித்துக்கொண்டது. "விளையாடுறான்," என்று சாவியம்மா பிடுங்கித் திரும்ப வைத்தார். மூன்றாவது முறை அவன் வலக்கோடிச் சாவியை எடுத்ததும், "இப்பத்தான் பேசுறான்!" என்றார். குழந்தை தப்பாக எடுத்தால் ஒத்திகை. சரியாக எடுத்தால் அசரீரி. ஐந்து குழந்தைகளும் கடைசியில் எடுத்தது பெட்டியின் வலக்கோடிக் குழியிலிருந்து வந்த சாவியைத்தான்.

பிறகு அவள் எழுந்தாள். "அம்மா, மனசுல ஒரு சின்ன குழப்பம். என் பிள்ளை இன்னொரு தடவை எடுத்துக் காட்டினா, இங்கயே கையெழுத்து போட்டுடறேன்."

இரண்டாம் முறையும் அதே சாவி என்றால் எவ்வளவு பெரிய விளம்பரம்! சாவியம்மா தாராளமாகத் தலையசைத்தார். அதே நான்கு சாவிகளும் பேழையில் ஊறி, ஜமக்காளத்துக்கு வந்தன. "விடுங்க பிள்ளையை!"

"ஐயோ, பால் நேரம்மா இது," என்று மெக்கானிக் அங்கேயே உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.

சாவியம்மாவின் கை சாவிகளை நோக்கி நீண்டது. "அப்ப இதைப் பேழையில வச்சுடறேன்."

"எதுக்கும்மா? இங்கேயே இருக்கட்டுமே. யாரும் தொடலையே."

"பச்சப்பிள்ளை பசிச்சு குடிக்குது, கொஞ்சம் பொறுங்களேன்," என்று வரிசையிலிருந்து ஒரு பெண் அதட்டினாள். அவள் இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழந்தை, இரட்டை. சாவியம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். உருளையோ நிதானப் பேர்வழி. இருபது நிமிஷம் குடித்து, ஏப்பம் விட்டு, சுற்றியிருந்தவர்களை ஒருமுறை விசாரித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

முதல் சாவியை எடுத்து இரண்டாவதன் மேல் அடித்தாள். சத்தம் பிடித்துப்போய் இன்னும் நாலு அடி. மூன்றாவதைச் சப்பினாள். நான்காவதைத் தரகர் காலடியில் விட்டெறிந்தாள். நான்கையும் விட்டுவிட்டு ஊர்ந்துபோய், சாவியம்மாவின் வெல்வெட் கையுறையைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப இவங்க கையுறைக்குள்ள குடியிருக்க வேண்டியதுதான்!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூடம் குலுங்கியது.

"சாவியோட மௌனம் கலைஞ்சுபோச்சு!" என்று சாவியம்மா குரலை உயர்த்தினார். "பேழையில வச்சு எடுக்கணும்."

"தாராளமா வைக்கலாம்," என்றாள் மெக்கானிக். "ஒரு சந்தேகம் மட்டும். அந்தப் பேழைக்கு ஏதாவது சக்தி இருக்கா? இல்ல, சக்தியெல்லாம் பிள்ளைக்குத்தானா?"

"பிள்ளைக்குத்தான். இது வெறும் மரப்பெட்டி."

"வெறும் மரம்னா எந்தச் சாவி எந்தக் குழியில இருந்தா என்ன? மாத்தி வைப்போமே. வலக்கோடியில வேற ஒண்ணு இருக்கட்டும். யார்கிட்டயாவது ஒரு சாவி இருக்கா?"

"இந்தாங்க, என் ஸ்கூட்டர் சாவி," என்று இரட்டைக்குழந்தைக்காரி நீட்டினாள். தரகர் "அதெல்லாம் கூடாது" என்று பாய்ந்து வந்தார். ஆனால் இருபது பெற்றோர்கள் அதற்குள் பெட்டியைச் சுற்றிவிட்டார்கள். வேடிக்கை என்று வந்துவிட்டால் பக்திகூடச் சற்று ஒதுங்கி வழிவிடும். ஸ்கூட்டர் சாவி வலக்கோடிக் குழிக்குப் போயிற்று. முன்பு உருளை எடுத்த சாவி உட்பட மூன்று வீட்டுச் சாவிகள் மற்றக் குழிகளுக்கு; மிஞ்சிய ஒன்று வெளியே. பத்து நிமிஷம் கழித்து நான்கும் ஜமக்காளத்தில் வந்து விழுந்தன.

உருளை முதல் சாவியைத் தொட்டாள். வெடுக்கென்று இழுத்தாள். இரண்டாவது, மூன்றாவது, அதேதான். ஸ்கூட்டர் சாவியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டாள்.

"எல்லாரும் வந்து தொட்டுப் பாருங்க," என்றாள் மெக்கானிக். "தோல் பட்டா குழம்பிடும்னு பயப்படாதீங்க. குழம்பினது நாமதான், சாவி இல்ல."

கணவன்தான் முதலில் குனிந்தான். ஒவ்வொன்றாகத் தொட்டான். "இது மூணும் ஐஸ் மாதிரி இருக்கு. இது மட்டும் இதமா இருக்கு," என்றான். புத்தகத்துக்கு வெளியே அவன் கண்டுபிடித்த முதல் பிழை.

மெக்கானிக் பேழையின் மெத்துத் துணியைத் தூக்கினாள். மூன்று குழிகளுக்கு அடியில் நீலநிறப் பனிப்பொட்டலங்கள். மருந்துப் பெட்டிக்குள் வைப்பதற்காக அவள் தினமும் கையாளும் அதே பொட்டலம். நான்காவதன் அடியில் ஒரு குட்டி ரப்பர் வெந்நீர்ப் பை.

"விதி இவ்வளவுதாங்க. மூணு பக்கம் ஐஸு, ஒரு பக்கம் வெந்நீர். குளுந்ததைத் தொட்டா கையை இழுக்கும், கதகதப்பா இருந்தா பிடிச்சுக்கும். எந்தக் குழந்தையும் அதைத்தான் செய்யும். பாவம், அதுங்க பொய்யே சொல்லல."

இரட்டைக்குழந்தைக்காரி வீட்டுச் சாவிகளில் ஒன்றின் வில்லையைத் திருப்பி, பின்னால் பொறித்திருந்த முகவரியைப் படித்தாள். அவள் முகம் மாறியது. "சலவைக்கூடத்துப் பின்பக்கமா? என் ரெண்டு பிள்ளைங்களும் போன வருஷம் எடுத்தது இந்த வீடுதான்! அஞ்சு மாசம் ரெண்டும் மாத்தி மாத்தி இருமி, காலி பண்ணிட்டு, வேற வீடு கேக்க இங்கேயே வந்து நிக்கறேன். என்னைச் சொல்லணும்!"

"நாங்களும் அங்கதான் இருந்தோம்," என்றது இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. யாரும் குடியிருக்க முடியாத வீடுகள் எல்லாம் எப்படிப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயின என்பது ஐந்தே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. தரகரைத் தேடினார்கள். ஒப்பந்தத் தாள் மட்டும் படியில் கிடந்தது.

சாவியம்மா கையுறையைக் கழற்றினார். "நான் யாரையும் கட்டாயப்படுத்தலையே," என்றார் மெதுவாக. அது உண்மைதான். வரிசையில் நின்றது அவர்களேதான்.

காணிக்கை என்று அவர் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. நாத்தனார் மட்டும் நகரவில்லை. வெந்நீர்ப் பையை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். "இதே பை நம்ம வீட்டுலயும் இருக்கேம்மா," என்றாள். "முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க வச்சிருக்கேன்."

"ஆமா அண்ணி."

"அது இதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் சொல்லலை." சொல்லிவிட்டுத் தன்னையே நினைத்து விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கப் படியிறங்கும் வரை ஆயிற்று.

அடுத்த நான்கு நாளும் மூன்று பேரும் அலைந்தார்கள். குழாய்களைத் திறந்து பார்த்தார்கள். சுவர்களில் கை வைத்தார்கள். ஜன்னலைச் சாத்தி, லாரிச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காது கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் மழைக்கு ஒழுகுமா என்று கேட்டார்கள். குழந்தை டாக்டர் எத்தனை தூரம் என்று நாத்தனாரே நடந்து அளந்தாள். கடைசியில் கிடைத்தது இரண்டாவது மாடி. படி அதிகம், சமையலறை சின்னது, விதியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சுவர் காய்ந்திருந்தது. காலையில் வெயில் தரை வரை வந்தது. அந்த வெயிலில் உருளை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, மூச்சு இரைக்காமல் உருண்டாள்.

கைக்கு எட்டியதையெல்லாம் இன்னும் வாயில் போட்டு விழுங்கத்தான் பார்க்கிறாள். பரவாயில்லை, அவளுக்கு எட்டு மாதம்.

உங்களுக்கு என்ன வயதாகிறது?