கம்பத்துக் காற்றைக் காத்த குழு

மனிதகுலத்தின் சாதனைகளில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம், எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக் காற்றுக் கண்காணிப்புக் குழுவுக்கே உரியது. அதன் உதவிச் செயலாளர் என்ற முறையில் இதை நான் அடக்கத்தோடுதான் சொல்கிறேன்.

குழுவிடம் ஒரு கதிர்வீச்சு மானி இருந்தது. தூசி படக்கூடாதென்று அதை ஏசி அறையில், சன்னல் இடுக்குகளுக்கெல்லாம் டேப் ஒட்டி, 'பாதுகாத்து' வந்தோம். அறைச் சுவர்களில் பளபளக்கும் நான்கு கருங்கற்கள்: அடிக்கல், திறப்பு விழாக் கல், ஏசி திறப்பு விழாக் கல், மறுதிறப்பு விழாக் கல். நான்கிலும் தலைவர் சங்கரலிங்கத்தின் பெயர் தங்க எழுத்தில்.

ஒரு நாள் மானி, காற்றில் 'காரணம் அறியாத லேசான கதிர்வீச்சு' இருப்பதாகக் காட்டியது. ஆளுக்கு அதனால் ஆபத்தில்லை, வியாபாரத்துக்குத்தான் ஆபத்து. செய்தி மலையேறி, கேரள வியாபாரிகள் சர்டிபிகேட் இல்லாத திராட்சையைத் தொடமாட்டோம் என்றார்கள். சுருளிப்பட்டி சின்னப்பராஜின் தோட்டத்திலோ பழம் முற்றிக் கொடியில் வெடிக்கக் காத்திருந்தது. அவரும் மனைவி கிளாராவும் ஒரு கூடைத் திராட்சையோடு வந்து நின்றார்கள்.

"ஐயா, மெஷின எங்க தோட்டத்துக்குக் கொண்டாங்க. அங்கன வச்சுப் பாருங்க" என்றார் சின்னப்பராஜ்.

"மெஷின் வாசப்படி தாண்டக்கூடாதுய்யா. தோட்டத்த இங்கன கொண்டாங்க" என்றார் தலைவர்.

கதிர்வீச்சின் ஊற்றுக்கண்ணைத் தேடி அலைவது மேலைநாட்டு முறை. அதை வரவழைத்து உட்காரவைப்பது எங்கள் முறை.

கூடையை மானியின் அருகில் வைத்தோம். எண் அதேதான். திராட்சை 'குற்றவாளி'! பாரபட்சம் கூடாதென்று கம்பத்து வாழைத்தார், சுருளி அருவித் தண்ணீர், ஆண்டிபட்டிச் சேலை எல்லாவற்றையும் வரவழைத்தோம். எல்லாமே குற்றவாளிகள். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை டெல்லி தாங்குமா என்று தலைவர் கவலைப்பட்டார்.

கிளாராவுக்குப் பொறுமை போயிற்று. திராட்சையைக் கணவரின் துண்டில் கொட்டிவிட்டு வெறும் கூடையை மேசையில் வைத்தார்.

"இதையும் பாத்துருங்க."

பார்த்தோம். அதே எண்.

"கூடையும் உடந்தை" என்றார் தலைவர்.

"சரி, கூடையவும் பழத்தையும் வெளிய வச்சுட்டு வாரேன்" என்று போய்த் திரும்பினார். "இப்பப் பாருங்க."

அதே எண்.

கிளாரா கணவரிடம் திரும்பினார். "ஏங்க, அப்ப மிச்சம் இருக்கிறது இவுகதான?"

தலைவர் தம் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். "நான் காலையிலயே குளிச்சுட்டேன்" என்றார் பொருளாளர், யாரும் கேட்காமலே. விசாரணைக்கு ஒத்துழைக்கும் பொருட்டுக் குழு முழுவதும் வெளிநடப்புச் செய்தது. கடைசியாக வந்த நான் கதவைச் சாத்த மறந்தேன். பள்ளத்தாக்குக் காற்று அனுமதி பெறாமல் உள்ளே புகுந்தது. நாங்கள் வாசலில் நின்று வடை தின்று முடிப்பதற்குள் எண் இறங்கத் தொடங்கியது.

"நாமதானா?" என்று தலைவர் மறுபடி உள்ளங்கையை முகர்ந்தார்.

மானி விற்ற கம்பெனியின் ஜெஸ்லினுக்குப் போன் போட்டோம். அவர் சிரித்தார். "சார், கருங்கல்லுல இயற்கையாவே கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கும். அடைச்ச ரூம்னா காத்துல சேந்துக்கிரும். உள்ள கல்லு ஏதும் இருக்கா?"

தலைவர் நான்கு சுவர்களையும் நான்கு பிள்ளைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கழட்டிரலாமா சார்?" என்றேன்.

"பேரு இருக்குல்லய்யா!"

ஆகவே கற்களுக்குப் பதிலாக டேப்பைக் கழற்றினோம். சின்னப்பராஜுக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. சாயங்காலமே திராட்சை ஜீப்பில் மலையேறியது. கிளாரா எங்களுக்கு ஆளுக்கொரு கொத்துக் கொடுத்தார். "பயப்படாமத் தின்னுங்க. கதிர்வீச்சு உங்களுக்குப் பழகிருக்கும்."

இந்த வெற்றியின் நினைவாக அதே அறையில் ஐந்தாவது கருங்கல்லைப் பதித்தோம். விழாவில் ஏசி வீணாகக்கூடாதென்று சன்னல்களுக்கு மறுபடி டேப் ஒட்டினோம்.

இன்று மானி முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது. ஆனால் இம்முறை யாரும் தேடி அலைய வேண்டியதில்லை. காரணமானவர்களின் பெயர்கள் பதவியோடு, தங்க எழுத்தில், அந்தக் கல்லிலேயே இருக்கின்றன. கடைசி வரியில் என் பெயர்.