கொரகொர அண்ணனின் தூக்குவாளி

கர்ர்ர்ரென்று ஒரு சத்தம். கடுகு வெடிப்பதும் தகரக் கூரையில் தூறல் விழுவதும் கலந்த மாதிரி. அதை எங்கே கேட்டாலும் எனக்கு அவர் நினைவுதான் வரும். மதுரை மாநகரில் இரைச்சலை ரசித்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நாமெல்லாம் ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவோம். அவர் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே முள்ளை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்து வீட்டு மிக்ஸிக்கு ரேடியோ உறுமுவதைக் கேட்டே, அங்கே சட்னியா இட்லிப்பொடியா என்று சொல்லிவிடுவார்.

ஆரப்பாளையத்தில் வயர்லெஸ் செட் பழுது பார்க்கும் கடை அவருக்கு. கொரகொர அண்ணே என்றால்தான் ஊருக்குத் தெரியும். நான் அப்போது ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவையில் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் நாலாம் நம்பர் வண்டி ஊருக்குள் இருக்கும்வரை ஓயாமல் பேசும். அழகர்கோவில் ரோட்டில் பாதி தூரம் தாண்டியதும் ஊமையாகிவிடும். வண்டி ஓட்டும்போது செல்போனைத் தொடக்கூடாதென்பது விதி. பணிமனையில் மூன்று முறை பார்த்து, செட்டில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்படியானால் டிரைவர் இருளாண்டி எங்கோ புளியமரத்தடியில் தூங்குகிறான் என்பது நிர்வாகத்தின் முடிவு. அன்று சாயங்காலத்துக்குள் காரணம் கிடைக்காவிட்டால் அவனுக்கு வேலை இல்லை.

நான் கூப்பிட்டதும், கழுத்தில் குட்டி டிரான்சிஸ்டரை மாலைபோலத் தொங்கவிட்டுக்கொண்டு அண்ணன் வந்தார். ஊருக்குள் வண்டியைத் தொடவே மாட்டேன் என்றார். டவருக்குப் பக்கத்தில் குரல் ஓங்கி வருமாம். தூரத்தில் மெலிந்து வரும்போதுதான் இரைச்சல் அதை முழுங்குமாம். "வலிக்கிற எடத்துலதான மாப்ள கை வச்சுப் பாக்கணும்."

அழகர்கோவில் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினோம். எங்கள் செல்போன்களையும் என் கைக்கடிகாரத்தையும் தன் எவர்சில்வர் தூக்குவாளிக்குள் போட்டு மூடினார்; அவையும் இரைச்சல் போடுமாம், வாளி அதை வெளியே விடாதாம். இருளாண்டியின் அரைஞாண் கயிற்றைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தார். சோற்று வாளி என்று நினைத்து ஒரு குரங்கு அதைத் திறந்தது. உள்ளே போன்களைக் கண்டதும் அது எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி நான் கேவலப்பட்டதே இல்லை.

எஞ்சினை அணைத்து, செட்டை மட்டும் விட்டுவிட்டு, சுழல் விளக்கு, சைரன், இன்வெர்ட்டர் என்று ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டார். பை புடைத்ததுதான் மிச்சம். டிரான்சிஸ்டர் இன்னும் கொரகொரத்தது.

"இம்புட்டையும் புடுங்கியாச்சு. இன்னும் என்னடா உசுரோட இருக்கு?"

டிரான்சிஸ்டரை நீட்டிக்கொண்டு வண்டிக்குள் ஊர்ந்தார். ஸ்டீயரிங் பக்கம் வந்ததும் இரைச்சல் கூச்சலாயிற்று. அங்கே அழகர் படம். சுற்றிலும் பச்சையும் சிவப்புமாக மின்னும் குட்டி விளக்குகள்.

"சாமி வெளக்குண்ணே. அணையக்கூடாதுன்னு நேரா பேட்டரில குடுத்துருக்கேன்" என்றான் இருளாண்டி.

மூன்று முறை சோதித்த மெக்கானிக்குகளும், வண்டியின் கருவிகளையெல்லாம் பட்டியல் போட்ட நானும் அதைக் கருவியென்று நினைக்கவேயில்லை. கும்பிட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் வேலையை ஆரம்பித்திருந்தோம்.

அண்ணன் ஒயரை உருவினார். இரைச்சல் செத்தது. "நாலாம் நம்பர், கேக்குதா? அரைமணி நேரமாக் கத்துறேன்யா" என்றது செட், கட்டுப்பாட்டு அறையில் எனக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தவரின் குரலில். வேலை பிழைத்த சந்தோஷம் இருளாண்டி முகத்தில் இல்லை. விளக்கில்லாமல் நின்ற அழகரைப் பார்த்துக் கண் கலங்கினான். அண்ணன் மறுபடி ஸ்டீயரிங் பக்கம் குனிந்தார். விளக்கோடு வந்த மலிவான அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன் பையிலிருந்து வேறொன்றை மாட்டி, இரைச்சலைத் தடுக்கும் கறுப்பு வளையம் ஒன்றில் ஒயரை ஏழு சுற்றுச் சுற்றினார். விளக்கும் எரிந்தது, செட்டும் பேசியது.

"சாமி சும்மாதான்டா இருந்தாரு. வெளக்குக்குத்தான் அம்புட்டுப் பேச்சு."

போன மாதம் அண்ணன் கோயம்புத்தூரிலிருக்கும் மகளிடம் போய்விட்டார். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், சீருடையோடு வந்து இருளாண்டிதான் பெட்டியை ஏற்றினான். மகள் வீடு ரொம்ப அமைதியான ஏரியா என்று அண்ணன் சலித்துக்கொண்டார். அத்தனை ஹாரனுக்கும் நடுவே பஸ் நகர்ந்தது. ஜன்னலில் தலையை நீட்டினார்.

"போன் பண்ணு மாப்ள. எம்புட்டு இரைச்சலா இருந்தாலும் ஒன் குரலைப் பிரிச்சு எடுத்துருவேன்."