சைரன் அக்கா கொண்டுவந்த நோயாளி

கல்பாக்கத்திலிருந்து கடப்பாக்கம் வரை சைரன் அக்காவுக்குப் பயப்படாத ஜீவன் கடல் ஒன்றுதான். அதுவும் அவள் குரல் கேட்டால் கொஞ்சம் பின்வாங்கும். மீன் விற்கிறவள். "மீனேய்!" என்று அவள் கூவினால், சாப்பாட்டுச் சங்கு ஊதிவிட்டதென்று எங்கள் ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிடுவார்கள்.

எழுபதுகளில் அந்தப் பக்கம் ஒரு கட்டட கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் கிளார்க். ஒருநாள் பஸ்ஸில் எங்கள் மேனேஜரின் கண் இமையை அவள் இழுத்துப் பார்த்தாள். "ரத்தமே இல்லியே நைனா! வூட்ல சோறு போடறாங்களா, இல்லியா?" மேனேஜர் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தார்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு காலையில் ஐஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் கம்பெனி டிஸ்பென்சரிக்கு வந்தாள். வண்டியில் ஐஸ் இல்லை, ஐஸ்காரன் கிடந்தான். வாந்தி, பேதி. கண் குழிக்குள் போயிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம்தான் ஏதோ தகராறில் அவள் மீன் கூடையில் மண்ணெண்ணெய் ஊற்றியவன் அவன். அவனை வெட்டிக் கருவாடு போடுவதாகச் சந்தை நடுவில் சபதம் செய்திருந்தாள்.

டிஸ்பென்சரியை ஒட்டிய ஆபீஸிலிருந்து மேனேஜர் வந்து குறுக்கே நின்றார். "கம்பெனி ஆளா?"

"இல்ல."

"உன் சொந்தக்காரனா?"

"த்தூ! இந்த நாயா? மொதல்ல எயுந்து நிக்கட்டும், அப்பால கைய ஒடிக்கிறேன்."

"அப்புறம் இவனுக்கு இங்கே என்னம்மா உரிமை இருக்கு?"

"உசுரு கீதே, அது பத்தாதா?"

எங்கள் சின்ன வயசு டாக்டர் சலைன் பாட்டிலும் கையுமாகத் தயங்கி நின்றார். மேனேஜர் விடவில்லை. "நல்லவனா இருந்தாலாவது பரவாயில்லை..."

"நல்லவனுக்குத்தான் ஊசின்னா, இங்க எவனுக்குய்யா போடுவே? உனக்குப் போடலாமா?"

மேனேஜர் டாக்டர் பக்கம் திரும்பினார். அந்த இடைவெளியில் அவள் ஐஸ்காரனை அலாக்காகத் தூக்கி, மேனேஜர் மேசைமேலேயே கிடத்தினாள். ஃபைல்களின் மேல் அவன் வாந்தி எடுத்தான்.

"ஐயோ, சீக்கிரம் உள்ளே கொண்டு போங்கய்யா!" என்று அலறியவர் மேனேஜர்தான்.

சாயங்காலம் ஐஸ்காரன் கண் திறந்தான். எதிரே அவள். பயந்துபோய் உடனே மூடிக்கொண்டான்.

"தொறடா கண்ண! கஞ்சி ஆறிகினு கீது."

ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வசவு. அவன் பரம்பரையில் ஒருவரும் தப்பவில்லை. அவன் அழுதுகொண்டே விழுங்கினான்.

எனக்கும் வயதாகிவிட்டது. ஆஸ்பத்திரி பெஞ்சில் தனியாகக் காத்திருக்கும்போதெல்லாம், பக்கத்தில் நின்று என்னைத் திட்ட அவள் இல்லையே என்றுதான் இருக்கிறது.