லிப்டேறிப் போன வண்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் அவரும்தான். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குசலம் இத்துடன் முடிந்தது. இனி நீங்கள் அனுப்பிய பெட்டியைப் பற்றி.

பக்கவாதம் வந்த இந்த ஐந்து மாதமாக உங்கள் மாப்பிள்ளை வாசற்படி தாண்டவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக ஊரிலுள்ள கட்டடமெல்லாம் ஏறி இறங்கியவருக்கு, கட்டிலும் நாற்காலியுமே உலகம் என்றாகிவிட்டது. வலது கை ஒத்துழைக்கவில்லை. பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான். பயிற்சி கொடுக்க வரும் பெண், "ரெண்டே அடி வெளிய வாங்க சார்" என்று கெஞ்சினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். இந்த லட்சணத்தில் ரோபோ செய்கிற பொம்மைப் பெட்டியை அனுப்பியிருக்கிறீர்களே, அண்ணனுக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் நினைத்தேன். திறந்தால் நாலு சக்கரம், ரெண்டு மோட்டார், ஒரு கை நிறையத் திருகாணி, நடுவில் சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு பச்சைத் தகடு. அதற்குக் கன்ட்ரோலர் என்று பெயராம். கம்ப்யூட்டரில் நாம் எழுதும் கட்டளையை ஒயர் வழியாக வாங்கி வைத்துக்கொண்டு, அதன்படி சக்கரத்தை ஓட்டுமாம். மூடி அலமாரி மேல் போடப் போனேன். "வை" என்றார். ஐந்து மாதத்தில் அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை.

அன்று பிடித்தது சனி. இடது கையால் முடுக்குகிறேன் என்று கீழே விட்ட திருகாணிகளில் ஒன்று சர்க்கரை டப்பாவில் கிடைத்தது. எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். நான் உதவப் போனால் முறைப்பார். முதல் நாள் ஒரு சக்கரம் முன்னாலும் ஒரு சக்கரம் பின்னாலும் ஓடி, வண்டி பம்பரமாய்ச் சுற்றியது. மறுநாள் நேராகப் போனது. ஆனால் நிற்கச் சொல்லி எழுத மறந்துவிட்டாராம், சமையலறைக்குள் வந்து என் குதிகாலில் இடித்தது, கையிலிருந்த பால் பாத்திரம் தரையில். நான் கத்தினேன். அவர் சிரித்தார், அண்ணா! வாய் ஒரு பக்கமாகத்தான் போனது, ஆனாலும் சிரிப்புதான். தரையைத் துடைத்துக்கொண்டே அழுதேன், பாலுக்காக இல்லை.

செவ்வாய்க்கிழமை கதையைக் கேளுங்கள். எதிரே தடை இருந்தால் நிற்கவும், விலகினால் போகவும் அதற்கு ஒரு கண் வைத்திருந்தார். நான் புத்தி கெட்டு என் மூக்குக்கண்ணாடியை அதன் முதுகில் வைத்துவிட்டு, வாசலில் குப்பை எடுப்பவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வண்டி எங்களைத் தாண்டி நடைபாதையில் விறுவிறுவென்று ஓடி, மூடிய லிப்டின் முன் நின்றது. அந்த நேரம் பார்த்து யாரோ இறங்கினார்கள். கதவு திறந்ததும் வண்டி உள்ளே போனது, கதவு மூடியது, லிப்ட் மேலே ஏறியது.

"ஐயோ, என் கண்ணாடி!" என்று லிப்டுக்கு ஓடிப் போய்த் திரும்பினால், பக்கத்தில் உங்கள் மாப்பிள்ளை! வாசலுக்கு வெளியே, லிப்டுக்கு முன்னால், ஒரு கை சுவரில், மூச்சிரைக்க நிற்கிறார்.

"பதறாத. மேல போனது... கீழ வந்துதானே ஆகணும்?" என்றார். முழு வாக்கியம், அண்ணா!

ஐந்தாம் மாடிப் பல் டாக்டர் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரோட வண்டிங்க இது? என் காலையே சுத்துது. கண்ணாடி வேற போட்டிருக்கு!" என்று கத்தினார். அவரே கொண்டுவந்து கொடுத்தார். லிப்ட் கதவு ஏன் முனகுகிறது என்று இவர் அவருக்குத் திக்கித் திக்கிப் பத்து நிமிஷம் பாடம் நடத்தினார், நின்றுகொண்டே.

கட்டளையில் ஏதோ பிழையாம். அந்தப் பிழைக்கு நூறு ஆயுசு! ஆனாலும் அவர் விழுந்திருந்தால் என்ன கதி? எனவே தயவுசெய்து அந்தப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
கண்ணாடி திரும்பக் கிடைத்த தங்கை

பின்குறிப்பு: மச்சான், உறையை ஒட்டித் தருகிறேன் என்று வாங்கினேன். எழுத்து கோணல், இடது கை. பிழை ஒன்றும் இல்லை. வாசலிலிருந்து லிப்டுக்குப் பதினெட்டு அடி, கணக்குப் போட்டுத்தான் எழுதினேன். நடக்கிறேன் என்று சொன்னால் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். வண்டியைத் துரத்துகிறவனை யார் பிடிப்பார்கள்? லிப்ட் திறந்தது மட்டும் என் கணக்கில் இல்லை. அவளிடம் சொல்ல வேண்டாம். படியேறுகிற மாதிரி சக்கரம் கிடைத்தால் அனுப்புங்கள்.